ஒரு மூச்சுக்கு எத்தனை ஊர்

நாலரைக்குக் கல்லடிப் பழைய பாலத்தில்
என்னையும் இரண்டு இறால்காரரையும் தவிர
ஆளில்லை.
சப்பாத்தின் கீழே இரும்பு ஒருக்கா முனகும்,
பிறகு பழகிவிடும்.

மட்டக்களப்பு – கல்முனை பஸ்ஸில்
பதினேழு வருடம் மிதிபலகையில் நின்றவன் நான்.
நின்றே வளர்ந்த வயிறு இது.
சீனி நூற்றெண்பது என்று கிளினிக்கில் எழுதித் தந்த அன்று
ஓடத் தொடங்கினேன்,
எங்கள் சாரதி அருமைத்துரை ஓட்டுகிற மாதிரி:
முன்னால் போகிற எதையும் முந்த.

முதல் கிழமை ஒரு நாயை முந்தினேன்.
இரண்டாம் கிழமை ஒரு சைக்கிளை.
மூன்றாம் கிழமை
முழங்காலில் தைலம் பூசிக்கொண்டு
சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன்.

கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பிய மணிக்கூடு
கையில் இருந்து ஏசிக்கொண்டே இருக்கும்.
கிலோமீற்றருக்கு ஆறு நிமிடம் என்றால் பச்சை,
ஏழரை என்றால் சிவப்பு.
அந்தப் பச்சைக்கு நெஞ்சு என்ன விலை கொடுத்தது என்று
அது ஒருநாளும் கேட்டதில்லை.

காத்தான்குடியில் நேரம் பதிகிறவர் மஹ்ரூப்.
பிந்தினால் தண்டம்.
முந்தினாலும் தண்டம்.
"வெள்ளன வந்து என்ன செய்யப் போறாய்,
அடுத்தவன்ட சனத்தையும் அள்ளவா?"
அருமைத்துரைக்காக நூறு ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போதுதான்
என் முழங்கால் எனக்கு விளங்கியது.

இப்போது ஓடிக்கொண்டே ஊர்களைக் கூப்பிடுகிறேன்,
தொழிலில் கூப்பிடுகிற அதே குரலில்:
கல்லடி நாவற்குடா காத்தான்குடி
ஆரையம்பதி தாழங்குடா
ஒரு மூச்சில் ஐந்து ஊர் போனால்
கால் சரியான கியரில் இருக்கிறது.
நாவற்குடாவிலேயே மூச்சு இறங்கிவிட்டால்
நானும் வேகத்தை இறக்குகிறேன்.

வெட்கமாகத்தான் இருந்தது.
டச்பார் பக்கம் நடக்கிற ரீச்சர்மார் இருவர்
கதையை நிறுத்தாமலே என்னைத் தாண்டிப் போனார்கள்.
"இவர் நடக்கிறாரா, ஓடுறாரா?"
தெரியாது ரீச்சர்.
புதுக்குடியிருப்பு கிரான்குளம் குருக்கள்மடம்.

ஆடியில் வெயிலுக்கு முந்தியே கச்சான் எழும்பிவிடும்.
பாலத்தில் நகரத்துப் பக்கம் முகம் வைத்தால்
சூடான கையொன்று நெஞ்சில் வைத்துத் தள்ளும்.
ஊர்க் கணக்கு நேற்றைய கணக்குத்தான்,
மணிக்கூட்டில் எட்டு நிமிடம், சிவப்பு.
முன்பென்றால் காற்றோடு மல்லுக்கு நின்றிருப்பேன்.
இப்போது சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிடுகிறேன்.
சனம் நிரம்பிய பஸ் மெதுவாகத்தான் போகும்.
காற்றும் சனம்தான்,
ரிக்கற் எடுக்காமல் ஏறிய சனம்.

புதன்கிழமைகளில் மட்டும்
கடற்கரை வீதியில், ஆறு தரம்,
கம்பத்திலிருந்து கம்பத்துக்கு
அருமைத்துரையை உள்ளே விடுகிறேன்.
ஹோர்ன் அடித்துக்கொண்டு, பிரேக்கை மறந்துகொண்டு,
வாயில் இரும்பு ருசிக்க.
அப்போது ஊர் ஒன்றும் வராது.
'கல்' வரும், 'லடி' வராது.
அடுத்த கம்பம்வரை நடந்து
மீதியைச் சில்லறையாக வாங்கிக்கொள்வேன்.
அதுவும் வேணும் உடம்புக்கு.
வியாழன் விடிய அவரை இறக்கிவிடுவதுதான் பாடு;
கதவுக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார்.

ஐந்து மாதம்.
சீனி நூற்றிருபத்தெட்டு.
இன்று பாலத்தின் நடுவில்
குருக்கள்மடமும் தாண்டி
செட்டிபாளையத்தின் பாதி நாக்கில் இருக்கும்போது
சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன்:
ஆறு நாற்பது.

நான் ஒன்றும் கூட்டவில்லை.
அதே மூச்சு, அதே கால்.
நான் பார்க்காத ஏதோ ஒரு தரிப்பில்
வேகம் தானாக ஏறியிருக்கிறது,
சத்தமில்லாமல், பின்கதவால்.

எங்கே ஏறினாய் என்று கேட்கவில்லை.
ஐந்தரைப் பஸ்ஸுக்கு நேரமிருந்தது.